நீலச்சட்டைக் குழுவினர் கவனத்துக்கு

கொழிஞ்சாம்பாறை சென்னையின் எஃப்.சி. ரசிகர் சொந்தங்களுக்கு வணக்கம்.

2026 பிப்ரவரி 14 அன்று ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) தொடங்குகிறது. லீக் நடக்குமா நடக்காதா என்று இத்தனை மாதம் இழுத்தடித்ததற்கு, நடப்பதே பெரிசு.

போன சீசனில் 13 அணிகளில் நமக்கு 11ஆம் இடம். 2015, 2018 கோப்பைகளைச் சொல்லியே இன்னும் எத்தனை காலம் ஓட்டுவது? பயிற்சியாளர் ஓவன் கோய்ல் போய், கிளிஃபோர்ட் மிராண்டா வந்திருக்கிறார். 2023இல் ஒடிசாவுக்குச் சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர், நம்ம நாட்டு வீரர்களை நன்றாக அறிந்தவர். எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் பட்டாசு இப்போதே வாங்க வேண்டாம். இந்த முறை ஓர் அணிக்கு 13 ஆட்டம்தான். முதல் நாலைந்தில் சறுக்கினால் எழுந்து வர நேரம் இருக்காது. புது ஆட்கள் ஒருவரையொருவர் பழகிக்கொள்ளவும் அவகாசம் குறைவு. பின்வரிசை நிலைத்து நின்றாலே எனக்குப் பாதி நிம்மதி.

நாம் இருப்பது கேரளாவில்; ஊரே கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டை. மூன்று ஃபைனல் தோற்றவர்கள் என்று பிளாஸ்டர்ஸ்காரர்களைச் சீண்டாதீர்கள். போன தடவை அவர்கள் 8ஆம் இடம், நமக்கு மேலே. (நம் குழுவிலேயே இரண்டு பேர் வீட்டில் மஞ்சள் சட்டை இருப்பது தெரியும். கண்டுக்கல.)

‘இன்னார் வர்றாராம்’ வதந்திகளைக் குழுவில் போடாதீர்கள். கிளப் அறிவித்த பிறகு போட்டால் போதும். முதல் ஆட்டம் பார்க்க வழக்கமான டீக்கடை மாடிதான். வருகிறவர்கள் முந்தின நாளே பெயர் சொல்லிவிடுங்கள், நாற்காலி வாடகைக்கு எடுக்கணும்.