கட்டை பறித்தவர்களை எங்கே விட்டீர்கள்?

திருகோணமலைக்குத் தெற்கே மூதூர், வெருகல் அடங்கிய கொட்டியாரப்பற்றின் ஊர் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கமும் ஸலாமும். நீங்கள் தந்த கைப்பிரதியை இரண்டு இரவாக வாசித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் முதல் பன்னிரண்டு பக்கமும், கோயிலும் குளமும் கட்டி ஆட்களைக் குடியேற்றியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன்தான். அவன் கதையைப் பாடும் பழைய நூலான கோணேசர் கல்வெட்டு சொல்வதை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை, அது நம் சொத்து. அதற்காக, அவன் வந்திறங்கும்வரை நம் மகாவலி கங்கைக்கரையில் ஒரு குஞ்சுகூட இல்லாத மாதிரி எழுதலாமா?

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி நம்மிடம் வந்துதான் பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழுகிறது, இன்னொன்று வெருகலாறாய்ப் போகிறது. நம் ஊர்களும் வயல்களும் அந்த வண்டலில் கிடக்கின்றன. மாரியில் எது தாழும், எது தாழாது என்று பார்த்துத்தான் ஆட்கள் குடியேறியிருப்பார்கள். பட்டித்திடல் என்று ஒருதரம் மெல்லச் சொல்லிப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பயந்து மாட்டுப்பட்டியை ஏற்றிவைத்த மேடு கண்ணில் தெரியவில்லையா? சேனையூர், பாலத்தடிச்சேனை, மாவடிச்சேனை எல்லாம் காடு வெட்டி எரித்துப் பயிர் வைத்த கதை. கட்டைபறிச்சானில் அதற்கடுத்த வேலையும் இருக்கிறது: எரிந்து நின்ற கட்டைகளை வேரோடு பறித்த வேலை. பெயருக்கு வேறு விளக்கம் சொல்பவர்களும் இருக்கலாம், என் காதில் இப்படித்தான் விழுகிறது. எந்த மன்னன் பறித்தான் அந்தக் கட்டைகளை?

அப்புறம், இந்த மண்ணின் ஆதிக்குடிகளான வேடர். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் தங்களை வேடர் வழி என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் தமிழ் பேசி வாழ்கின்றன. மானிடவியலாளரான செலிக்மன் தம்பதி வேடரைப் பற்றி எழுதி 1911ல் வந்த நூல்கூட கரையோர வேடரைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. உங்கள் கைப்பிரதியில் அவர்களுக்கு ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

பாய்மரம் முறிந்து கொட்டியாரத்துக்கு வந்து, 1660ல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் கப்பல்காரர் ரொபர்ட் நொக்ஸுக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். சரி, இருக்கட்டும். அவர் பிடிபட்ட இடமென்று சொல்லும் மூதூர்ப் புளியமரத்தைப் பார்க்க வருபவர்களுக்கு உதவும்.

அந்த மூன்றில் ஒன்றையாவது ஆறு கடக்கும் துறைகளுக்குக் கொடுங்கள். பாலங்கள் வருமுன் மூதூரிலிருந்து தரைவழியாகத் திருகோணமலைக்குப் போக எத்தனை 'பாதை' (கயிறு இழுத்து ஆற்றைக் கடக்கும் மிதவை) ஏறி இறங்க வேண்டும்! அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து, நனைந்த கயிறு கரகரவென்று இழுபடுவதைப் பார்த்துக்கொண்டே நான் கடந்த ஆறு அது. வயிற்றுவலிக்காரியை அக்கரை சேர்க்க இரவில் 'ஓய்' என்று கூப்பிட்ட குரல்களும் நம் வரலாறுதானே.

ஒரே ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுக்குமுன் கிளிவெட்டி, தோப்பூர், சம்பூர் வயல்களில் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பெயர் என்று வயலுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பாயிருந்த பழைய வட்டவிதானைமாரிடம் கேட்டு எழுதுங்கள். காணி உறுதிகளில் பாதி 2004 கடற்கோளோடும் 2006 போர் இடப்பெயர்வோடும் போய்விட்டது. பெயர்கள் இப்போது வாயில் மட்டும்தான் இருக்கின்றன. எங்கள் பெரியப்பாவுக்கு எண்பத்தாறு வயது, காலையில்தான் நல்லாய்க் கதைப்பார். வருவதென்றால் முதல்நாளே சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
கங்கைக்கரையிலிருந்து ஒருவன்