கியர்பாக்ஸுக்கு மேலே ஒரு சாண் ஹோஸ்

தோ பாயோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி முதலாம் வகுப்பில் சேர்ந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பொங்கலுக்கு என் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலேயே மலேசியாவுக்கு, உன் குளுவாங்குக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன். அன்று தொலைபேசியில் "வண்டியில் கோளாறு" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். நீயும் பழைய வண்டி வைத்திருப்பவன் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

என்னுடையது 1972ஆம் ஆண்டு வண்டி. கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருப்பதால் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். நின்றே கிடக்கும் வண்டியில் பெட்ரோல் கெட்டுவிடும் என்று டாங்கில் கால் பங்குக்கு மேல் நான் வைப்பதில்லை. ஆனால் சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டி உங்கள் பக்கம் வர வேண்டுமானால் டாங்கில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் அல்லவா? புறப்படுவதற்கு முந்தைய மாலை நிரப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன். விடியற்காலையில் பையோடு இறங்கிப் போனபோது பின்சக்கரங்களுக்கு நடுவே தரையில் கையகல ஈரம் தெரிந்தது. குனிந்து முகர்ந்தேன், பெட்ரோல்தான். அன்று சாவியைத் திருப்பவே இல்லை.

பீட்டிலில் டாங்க் முன்னால், இன்ஜின் பின்னால் என்பது உனக்குத் தெரியும். பெட்ரோல் வண்டியின் நடுத் தண்டுக்குள் ஓடும் இரும்புக் குழாய் வழியாகப் பின்னே வந்து, கியர்பாக்ஸுக்கு மேலே ஒரு சிறு ரப்பர் ஹோஸில் ஏறி, இன்ஜின் முன்தகட்டைத் துளைத்துக்கொண்டு பம்புக்குப் போகிறது. அந்த ஹோஸ் ஒரு சாண் நீளம் இருந்தால் அதிகம். வெடிப்பு அதில்தான் இருந்தது. டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தவரை அந்த உயரத்துக்கு அது ஏறவில்லை, ஆகவே சொட்டவும் இல்லை. நிரப்பியதும் முன்னாலிருந்து தன் எடையாலேயே பின்னே வந்து கசிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது பம்ப் உறிஞ்சுவதால் வெடிப்பின் வழியே பெட்ரோல் பெரும்பாலும் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சில மாதங்களாக மேம்பாலம் ஏறுகையில் வண்டி திணறியதை நான் கார்புரேட்டர் மீது பழிபோட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மாதங்களில் என் மகளும் பேரனும் பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். இந்த இன்ஜினின் உடற்பகுதி மக்னீசியக் கலவை. கசிந்த பெட்ரோலில் தீப்பிடித்து அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கவே செய்யும்.

சின் மிங்கில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரின் பட்டறைக்கு வண்டியை இழுவை லாரியில் அனுப்பினேன். பின்சக்கரத்தைக் கழற்றி, கியர்பாக்ஸுக்கு மேலே கையை நுழைத்து, தடவியே ஹோஸை மாற்றிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார். அவர் கை அதைப் பலமுறை செய்த கைதான். ஆனால் முன்பு வேறொரு பட்டறையில் இதே ஹோஸை அப்படித்தான் மாற்றியிருந்தார்கள். கண்ணால் பார்க்க முடியாத இணைப்பை நம்பி இன்னொரு முறை குடும்பத்தை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்ஜினை இறக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

பின்னிருக்கைக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினோம். டாங்கை இரும்பு டின்களில் வடித்து, குழாய் முனையை அடைத்தோம். கியர்பாக்ஸோடு இன்ஜினைப் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். ஒயர்களையும் கேபிள்களையும் பிரித்தபின், ஜாக்கியில் தாங்கிப் பின்னே இழுத்து இறக்க மதியம் வரை ஆயிற்று.

அப்போதுதான் முழுக் காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர். அதற்கு 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் இறுக்கமாக ஏறும். முன்பு மாட்டியிருந்ததோ கால் அங்குல ஹோஸ், அதாவது 6.35 மில்லிமீட்டர். தளர்வாக உட்கார்ந்ததைச் சமாளிக்க, திருகு கிளிப்பை ரப்பருக்குள் புதையும் அளவுக்கு முறுக்கியிருந்தார்கள். கிளிப்பின் வெட்டுகள் பதிந்த இடத்திலேயே வெடிப்பு தொடங்கியிருந்தது. மேலே துணிப் பின்னல் உறை இருந்ததால், கை வைத்துத் தடவினாலும் வெடிப்பு அகப்பட்டிருக்காது. இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று: முன்தகட்டின் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லவே இல்லை, தகட்டின் கூர்விளிம்பு அங்கே குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்ஜினை இறக்காமல் இருந்திருந்தால் அதைக் கண்டிருக்கவே மாட்டோம்.

புதிதாக வாங்கியது பெட்ரோலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் உட்சுவர் கொண்ட, துணியுறை இல்லாத 5 மில்லிமீட்டர் ஹோஸ். உட்பக்கம் வழவழப்பாக, விளிம்பு மடிந்த கிளிப்புகளைப் போட்டோம். டாங்கிலிருந்து தண்டுக்குள் இறங்கும் முன்புற ஹோஸையும், பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ளதையும் அன்றே மாற்றிவிட்டோம். பிறகு டாங்கை நிரப்பி, அடியில் அட்டை விரித்து, இரண்டு இரவு பட்டறையிலேயே வைத்திருந்தேன். அட்டை உலர்ந்தே இருந்தது. மேம்பாலத்தில் இப்போது திணறலும் இல்லை.

உன் அப்பா விட்டுச்சென்ற மோரிஸ் மைனரைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதில் டாங்க் பின்னால் தாழ்வாகவும் மின்பம்ப் முன்னால் இன்ஜின் அறையிலும் இருப்பதால், டாங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் வெடித்தாலும் தரையில் சொட்டி உன்னை எச்சரிக்காது. இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிக் காதுகொடுத்துக் கேள்: பம்ப் சில முறை டிக்டிக்கென்று அடித்துவிட்டு நின்றுவிட வேண்டும். பெட்ரோல் இருந்தும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது பெட்ரோல் கசிகிறது என்று பொருள். இந்த வாரமே பார்த்து எனக்கு எழுது. ஹோஸ் ஒரு மீட்டர் மீதம் வைத்திருக்கிறேன். உன் குழாயின் வெளிவிட்டத்தை அளந்து சொன்னால், பொருந்துமா என்று பார்த்து, அடுத்த மாதம் வரும்போது கையோடு கொண்டுவருகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் பழைய வகுப்புத் தோழன்