மாசிக்காய் காய் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தைகளுக்குக் கல்லில் உரைத்துக் கொடுக்கும் உரைமருந்து பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், மாசிக்காய் ஒரு மரத்தின் காய் என்று எழுதப்பட்டிருந்தது. பெயரில்தான் காய் இருக்கிறது. உண்மையில் அது ஒரு குளவிப் புழு குடியிருந்த வீடு.

துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து மலைகளில் குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா என்ற குட்டையான ஓக் மரம் வளர்கிறது. எறும்பளவே உள்ள குளவி ஒன்று அதன் மொட்டில் முட்டையிடும். உள்ளே புழு வளர வளர, மரத்தின் திசு அதைச் சுற்றி உருண்டையாகப் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பைத்தான் பறித்துக் காயவைத்து அனுப்புகிறார்கள். ஓக் மரத்தின் காய் வேறு. அது சிறு கிண்ணத்தில் உட்கார்ந்த கொட்டை.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது. காய் என்று நம்புகிறவர், வெளுத்ததை முற்றியது என்று எடுத்துக்கொண்டு, கறுத்த பச்சையைப் பிஞ்சு என்று ஒதுக்கிவிடுகிறார். நல்ல சரக்கு அந்தப் பச்சைதான். குளவி வெளியேறும் முன் பறித்தது அது. கையில் கனக்கும், பாதிக்கு மேல் டானின் என்னும் துவர்ப்புச் சத்து. குளவி துளைத்துக்கொண்டு போன பிறகு உருண்டை வெளுத்து லேசாகும், துவர்ப்பும் குறையும். வாங்கும்போது ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள்: முண்டு முண்டான தோலில் வட்டமாக ஒரு துளை இருந்தால் வேண்டாம். தண்ணீரில் போட்டால் நல்லது மூழ்கும், பழுது மிதக்கும். மிகச் சிறியவை மட்டும் விதிவிலக்கு. துளையில்லாததை உடைத்தால் நடுக்குழியில் காய்ந்த புழுகூடச் சில சமயம் கிடக்கும்; அதைக் கண்டு சொத்தை என்று எறிந்துவிட வேண்டாம்.

தூளாக வாங்கவே கூடாது. துளை தெரியாது. ஊறவைத்து ஆணி போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். இரும்பு பட்டதும் கறுக்கும்தான், ஆனால் கடுக்காய்த் தூளும் அப்படியே கறுக்கும்.

அந்தக் கறுப்பை வைத்துத்தான் ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் எழுதினார்கள். மூன்று பங்கு மாசிக்காய், இரண்டு பங்கு அன்னபேதி என்னும் இரும்பு உப்பு, ஒரு பங்கு வேலம்பிசின் என்பது பழைய மைக்கணக்கு. அன்னபேதி கூடினால் நாளடைவில் மை காகிதத்தையே அரித்துவிடும்.

இரும்போடு இப்படிச் சேர்ந்து கறுப்பதால்தான் மாசிக்காயை இரும்புச் சட்டியில் வேகவைக்கக் கூடாது. பிள்ளை பெற்றவர்கள் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடவும் கூடாது. டானின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் அது உடலில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பது மருத்துவர்களின் அறிவுரை. கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்குமுன் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடும்போது, துளையுள்ள உருண்டை ஒன்றையும் துளையில்லாத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை