போகிச் சுத்தமும் அளவு சொல்லாத குறிப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பாதியைத் தாண்டியதும் நாளிதழ் இணைப்புகளில் வீட்டுச் சுத்தக் குறிப்புகள் வரிசை கட்டி வரும். எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா, கல் உப்பு எல்லாவற்றையும் கலந்து எதை வேண்டுமானாலும் தேய்க்கலாம் என்பதுதான் அவற்றில் பாதி. எவ்வளவு போட வேண்டும், எந்தப் பரப்பில் போடலாம், எவ்வளவு நேரம் விட வேண்டும், எதோடு சேரக்கூடாது என்பது மட்டும் இருக்காது. சமையலறைப் பொருள்தானே, என்ன ஆகிவிடும் என்று மக்களும் நம்பிவிடுகிறார்கள். வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று, உவர்ப்பான போர் தண்ணீர், கீழிருந்து ஏறும் ஈரம், மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் தூசு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இங்கே தவறான பொருளைத் தவறான இடத்தில் போட்டால் அடுத்த போகிக்குள் இரட்டிப்புச் செலவு வைக்கும்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற சோடா வினிகர்க் கலவை. இரண்டையும் சேர்த்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். சோடா காரம், வினிகர் அமிலம். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். அழுக்கைக் கரைக்க இரண்டில் எதுவும் பாக்கி இருக்காது. எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடாவைத் தனியாகக் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர்க் கறைக்கு வினிகரைத் தனியாகப் போடுங்கள். ஒரே நாளில் இரண்டும் தேவைப்பட்டால் நடுவில் நன்றாக அலசிவிட வேண்டும்.

நுரைக்கும் கலவையால் வீணாவது காசு மட்டும்தான். பிளீச்சிங் பவுடர் சங்கதி அப்படியல்ல. அதோடு வினிகரோ, எலுமிச்சைச் சாறோ, தெருவில் பாட்டிலில் விற்கும் கழிவறை ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. ஒண்டுக்குடித்தனங்களில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சின்னத் துவாரம் மட்டுமே இருக்கும் கழிவறைகளில் அது தரையோடு தங்கிவிடும். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு அங்கேதான் இருக்கிறது. காலையில் ஒருவர் பவுடர் தூவிவிட்டுப் போக, மதியம் இன்னொருவர் அதே இடத்தில் ஆசிட் ஊற்றுவதுதான் வழக்கமாக விபத்து நடக்கும் விதம். கண் எரிந்து தொண்டை அடைத்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி அடக்குகிறேன் என்று உள்ளேயே நிற்கக்கூடாது.

ஆசிட்டுக்கு மாற்று மளிகைக் கடையிலேயே இருக்கிறது. சிட்ரிக் ஆசிட், எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்தால் எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். போர் தண்ணீர் விழும் குழாயின் வாயில் வெள்ளையாகக் கட்டி நிற்கிறதே, அதன் மேல் இந்தக் கரைசலில் நனைத்த பழந்துணியைச் சுற்றி அரை மணி விடுங்கள். துணியை எடுக்கும்போது கெட்டியாக இருந்த ஓடு ஈரமான சுண்ணாம்பாக மாறியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு போதும். ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தால் குழாயின் குரோம் பூச்சும் கெட்டுவிடும். கழிவறைப் பீங்கானின் மஞ்சள் கறைக்கு அளவை 100 கிராமாக்கி, நாளிதழ்த் தாளை நனைத்துக் கறைமேல் ஒட்டி இரவு முழுக்க விடலாம். பீங்கான் தாங்கும். தாளைக் காலையில் எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

ஆனால் இந்தப் புளிப்பு எதையும் தரைக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் கடப்பாக் கல்லோ மொசைக்கோ இருக்கும். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் இனம். மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லும் சிமென்டும். இரண்டையும் அமிலம் தின்னும். சந்தேகமிருந்தால் கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழ்கள் எழுந்தால் அந்தத் தரைக்குப் புளிப்பு ஆகாது. ஒருமுறை மெருகு போன கல்லைத் துடைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது, மெஷின் போட்டு பாலிஷ்தான் போட வேண்டும்.

தரைக்கு நல்லது பூந்திக்கொட்டை. உவர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளைத் திரையாகத் தரையில் படியும். பூந்திக்கொட்டை அப்படித் திரிவதில்லை என்பதால் போர் தண்ணீருக்கு அதுதான் ஏற்றது. விதை நீக்கிய கொட்டை பத்துப் பன்னிரண்டை 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டுங்கள். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போதும். அதிகம் ஊற்றினால் தரை பிசுபிசுக்கும், வழுக்கும். இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும், ஆகவே மொத்தமாகக் காய்ச்சி வைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் மிளகாய்ப்பொடி மாதிரி எரியும். மின்விசிறி இறக்கையில் சமையல் எண்ணெய்ப் புகையும் தூசும் சேர்ந்து கறுப்பாய் அப்பியிருந்தால் இதே தண்ணீர் 1 லிட்டரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து துணியால் துடைக்கலாம். கறுப்புத் தூசை உலர்ந்த துணியால் தட்டினால் வீடெல்லாம் பறக்கும், ஈரத் துணிதான் முதலில் போக வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான், சொல்லவே வேண்டாம்.

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்ட பிறகு வடசென்னைக்குக் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதில் ஒரு வாளியைக் கடைசி அலசலுக்கென்று ஒதுக்கி வையுங்கள். கண்ணாடியும் பித்தளையும் போர் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு விழும்.

இனி சுவர். குறிப்பு எழுதுபவர்கள் யாரும் தொடாதது இதுதான், இங்கே பெரிய தலைவலியும் இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தளம் குடித்த தண்ணீர், மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாக ஏறுகிறது. மழை நின்று மார்கழியில் சுவர் உலரத் தொடங்கும்போது தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பரப்பில் படிகமாகிறது. அதனால்தான் முழங்கால் உயரத்தில் பஞ்சு பூத்தது போல் வெள்ளை வருவதும் காரை பொரிந்து கொட்டுவதும் சரியாகப் பொங்கல் சமயத்தில் நடக்கிறது. பலர் அதை ஈரத் துணியால் துடைக்கிறார்கள். உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், ஒரு வாரத்தில் மறுபடி பூக்கும். உலர்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டி, அடியில் செய்தித்தாள் விரித்துப் பிடித்து, அந்தத் தூளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். சுவரோரத்திலேயே கொட்டினால் அதே உப்பு அதே சுவரில் ஏறும்.

உப்பு பூக்கும் சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பது காசைக் கரியாக்கும் வேலை. ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் தோலாக உரியும். இந்த இடத்துக்குச் சுண்ணாம்புதான் தோது, அது சுவரை மூச்சுவிட அனுமதிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெண்மை நன்றாக வரும். 1 கிலோ சுட்ட, இன்னும் நீற்றாத சுண்ணாம்புக் கல்லுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இரும்பு வாளியோ மண் தொட்டியோ நல்லது. பிளாஸ்டிக் சூட்டில் கோணிப்போகும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, மல் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்கு வந்த பிறகு 3 கிராம் நீலத்தைத் தனியே கரைத்துச் சேருங்கள். அதற்கு மேல் போனால் சுவர் நீலம் பூத்துவிடும். பிடிப்புக்கு வடித்த கஞ்சி ஒரு டம்ளர். பிடிப்புக்காக உப்பு சேர்க்கும் பழக்கம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் உண்டு. ஏற்கெனவே உப்பில் நொந்துபோன நம் சுவருக்கு அது வேண்டாம்.

அடிக்கும் முன் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உலர்ந்த சுவர் சுண்ணாம்பின் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொண்டால் பிடிமானம் வராது, கை வைத்தால் வெள்ளை ஒட்டும். மட்டையால் முதல் பூச்சு மேலும் கீழுமாக, மறுநாள் இரண்டாம் பூச்சு குறுக்காக. அடித்த கையோடு பார்த்தால் சுவர் தெரியும், வெள்ளையே ஏறாதது போல இருக்கும். உலர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்ட பிறகுதான் வெளுக்கும். இது தெரியாமல் கெட்டியாக அப்புபவர்களின் சுவர்தான் தை முடிவதற்குள் செதில் செதிலாக விழுகிறது. பழைய எமல்ஷன், டிஸ்டம்பர் மேல் சுண்ணாம்பு நிற்காது, முழுக்கச் சுரண்டியாக வேண்டும். நீற்றும்போதும் மேற்கூரைக்கு அடிக்கும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரைக் குறைந்தது இருபது நிமிடம் ஓடவிட்டுக் கழுவி, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் புகுந்த எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எண்ணெய் குடித்த காரை மேல் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் கறை மேலே வரும், பூச்சும் உரியும். மேலோட்டமான கறையென்றால் தவிட்டைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் களியாகக் குழைத்து அப்பி, காய்ந்ததும் சுரண்டி எடுத்து, மறுபடி அப்பிப் பார்க்கலாம். கையுறை வேண்டும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் கறுப்பு தெரிந்தால் காரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவதைத் தவிர வழியில்லை.

பாத்திரங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பித்தளை, செம்புக்கு எலுமிச்சம்பழ அளவு புளியும் அரை ஸ்பூன் உப்பும். பூசி இரண்டு மூன்று நிமிடத்தில் தேய்த்துக் கழுவி, உடனே துணியால் ஈரம் ஒற்றிவிட வேண்டும். குத்துவிளக்கைப் புளியில் ராத்திரி முழுக்க ஊறப்போடுபவர்கள் காலையில் அங்கங்கே செம்பு நிறம் தட்டியிருப்பதைப் பார்ப்பார்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோனதன் அடையாளம் அது. அலுமினியப் பாத்திரத்தை சோடா கறுக்கடிக்கும், அதற்குப் புளித்தண்ணீர் போதும்.

பரணிலிருந்து இறக்கிய துணிகளுக்கு நாஃப்தலின் உருண்டைக்குப் பதில் வசம்பும் வேப்பிலையும் வைக்கலாம். வேப்பிலையை நிழலில் சருகாகக் காயவைத்து, மெல்லிய துணியில் முடிந்து வைக்க வேண்டும். பச்சையாக வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பட்டில் கறை விழும். வசம்பு நல்ல பூச்சிவிரட்டி என்று அரிசிப் பானைக்குள் போடச் சொல்லும் குறிப்பு ஒன்று சுற்றுகிறது. உண்ணும் தானியத்துக்குள் வசம்பு வேண்டாம், காய்ந்த மிளகாயும் வேப்பிலைச் சருகும் போதும். பருப்பை வெயிலில் நன்றாகக் காயவைக்கலாம். அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் போட்டால் நொய்யாக உடையும், நிழல் உலர்த்தலே சரி.

போகியன்று கழித்துக்கட்டும் பொருள்கள் பற்றி. 2018 போகிக் காலையில் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியது நினைவிருக்கும். பழைய பாயும் ஓலைத் துடைப்பமும் எரிந்த காலம் வேறு. இன்று நெருப்பில் விழுவது டயர், ரெக்சின், நைலான் துணி, ஃபோம் மெத்தை. இவற்றை எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்துவிடலாம். பழைய ஆசிட் பாட்டில், பாதி தீர்ந்த பூச்சி மருந்து, பெயின்ட் டப்பா ஆகியவை அபாயமான கழிவுகள். மூடியை இறுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தாளில் பெரிதாக எழுதி ஒட்டி, குப்பைப் பையில் போடாமல் கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். வண்டியில் பையை அமுக்கும்போது பாட்டில் உடைந்தால் ஆசிட் தெறிப்பது அவர் கையிலும் முகத்திலும்தான்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81