தாய் சேய் நல மாநாட்டுல நர்ஸம்மாவுக்கும் இடம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாய் சேய் நல மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் (ஆராய்ச்சிச் சுருக்கம்) அனுப்புங்கன்னு மறுபடியும் நோட்டீஸ் சுத்த ஆரம்பிச்சிருக்கு. பிஜி படிக்கிற டாக்டருங்களுக்கும் பேராசிரியர்களுக்கும் நேரா போயிடுது, ஃபீல்டுல கிடக்குற எங்களுக்கு யாராவது ஃபார்வர்டு பண்ணினா உண்டு. நான் மன்னார்குடி பக்கம் துணை சுகாதார நிலையத்துல வேலை பாக்குற கிராம சுகாதார செவிலியர், ஊர்ல நர்ஸம்மான்னு சொன்னாதான் தெரியும். கர்ப்பிணிகள அரசோட பிக்மி இணையதளத்துல பதிஞ்சு அவங்களுக்கான ஆர்சிஎச் அடையாள நம்பர் வாங்கிக் குடுக்குறது, எச்.பி. (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) பி.பி. எடை பாக்குறது, கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து தவணை ஏன் இன்னும் ஏறலன்னு பேங்க் பாஸ்புக்கோட வர்றவங்களுக்கு பதில் சொல்றதுன்னு எல்லாமே நாங்கதான். மாநாட்டு மேடைல காட்டுற நம்பருங்க நெறைய எங்க ரிஜிஸ்டர்லேர்ந்து கிளம்பிப் போனதுதான், ஆனா அனுப்புறவங்க பேர்ல எங்க பேர் இருக்காது.

பேருக்காக மட்டும் சொல்லல. ஒரு மாநாட்டுல ரத்தசோகை பத்தி வாசிச்ச அப்ஸ்ட்ராக்ட்டோட முடிவு என்னன்னா, கர்ப்பிணிகள் அறியாமையால இரும்புச்சத்து மாத்திரை சரியா போடுறதில்ல, அதனால விழிப்புணர்வு தேவை. அவ்ளோதான். 2019-21 குடும்ப நல சர்வேலயே நாட்டுல கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு, பாதிப் பேருக்கு மேல அறியாமைன்னு ஒரே வார்த்தைல முடிச்சா எப்படிங்க?

நடவு சமயத்துல எங்க பக்கம் வந்து பாருங்க. மாசமா இருக்குற பொண்ணு விடியக்காலைல நீச்சத்தண்ணிய குடிச்சிட்டு வயலுக்குப் போயிடும், வெறும் வயித்துல மாத்திரை போட்டா குமட்டும், பத்து மணிக்கு தூக்குவாளில டீ வரும்போது சேத்துப் போட்டா டீ இரும்ப ஒடம்புல சேர விடாது, மலச்சிக்கல் வேற, வயக்காட்டுல ஒதுங்க இடம் எங்க இருக்கு? வீட்டுக்கு வந்தா புள்ள பெருசாயிடும் ஆபரேஷன்ல கொண்டுபோய் விடும்னு மாமியார் ஒரு பக்கம். 180 நாளைக்கு தினம் ஒண்ணு போடணும்னு அந்தப் பொண்ணுக்கு நல்லாவே தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு தங்கம்னு மாத்திவிட்டதுல விடாம போட்டவங்க உண்டு. இதையே எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு எச்.பி. 11க்கு மேல ஏறுச்சுன்னு ஒழுங்கா கணக்கெடுத்தா அது ஒரு நல்ல அப்ஸ்ட்ராக்ட், ஆனா எழுதுறதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல.

நானா கேட்டு விசாரிச்சு தெரிஞ்சுகிட்ட வரைக்கும் அது பெரிய வித்தை இல்ல. பெரும்பாலும் 250, 300 வார்த்தை, ஏன் பாத்தோம், எப்படி பாத்தோம், என்ன கிடைச்சுது, அதனால என்னங்குற நாலு பகுதி. முடிவுகள் மாநாட்டுல சொல்லப்படும்னு எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்க, நம்பர் அங்கயே இருக்கணும். பேரை மறைச்சு மதிப்பெண் போடுற மாநாடா இருந்தா ஆஸ்பத்திரி பேரைக்கூட உள்ள எழுதக்கூடாது. நம்ம அக்காங்க இதைப் படிச்சா குறிச்சு வச்சுக்குங்க.

நெசமான முட்டுக்கட்டை எத்திக்ஸ் கமிட்டி (மனுஷங்கள வச்சு பண்ற ஆராய்ச்சி நெறிப்படி இருக்கான்னு பாக்குற குழு) அனுமதிதான். ஆரம்ப சுகாதார நிலையத்துல கமிட்டி எங்க இருக்கு? சொந்த கமிட்டி இல்லாத இடம் வேற நிறுவனத்தோட கமிட்டிகிட்ட ஒப்பந்தம் போட்டு அனுமதி வாங்கலாம்னு 2017ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்லயே இருக்கு. தஞ்சாவூர்லயும் திருவாரூர்லயும் மெடிக்கல் காலேஜ் இருக்கு, அங்க உள்ள சமுதாய மருத்துவத் துறை மாசத்துல ஒரு மதியம் எங்களுக்கு ஒதுக்கினா போதும். கூடவே தமிழ்ல எழுதின சுருக்கத்தையும் வாங்கிக்கணும், இங்கிலீஷ்ல மாத்துறது மாநாட்டுக்காரங்க பொறுப்பா இருக்கட்டும். செலக்ட் ஆனா கூட ஃபீஸ் கட்டினாதான் புத்தகத்துல போடுவோம்ங்குற கண்டிஷன ஃபீல்டு ஸ்டாஃபுக்கு எடுத்துடணும், எங்க சம்பளத்துக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது (சாப்பாட்டு கூப்பன நீங்களே வச்சுக்குங்க).

வெயில்ல வேலை பாக்குற கர்ப்பிணிகளுக்கு கரு கலையிற ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்துல தமிழ்நாட்டுப் பொண்ணுங்க 800 பேர வச்சு ஆராய்ச்சி பண்ணி 2024ல வெளிநாட்டு பத்திரிகைல வந்துச்சு, உலகமே பேசிச்சு. வயல்லயும் உப்பளத்துலயும் செங்கல் சூளைலயும் வேலை பாக்குறவங்களோட கதைதானே அது, வேதாரண்யம் உப்பளத்த பாக்குற செவிலியருக்கு இதுல சொல்ல விஷயம் இருக்காதா? வளைகாப்பு முடிஞ்சு தாய்வீட்டுக்குப் போற பொண்ணு வேற மாவட்டத்துக்குப் போயிடுது, பிரசவம் ஆகி மூணு மாசம் கழிச்சு குழந்தையோட திரும்பி வருது, நடுவுல எந்த ஊசி போட்டாங்க எந்த பரிசோதனை விட்டுப்போச்சுன்னு தேடுறது யாரு? ஆராய்ச்சில இவங்கள தொடர்பு விட்டுப்போனவங்கன்னு கழிச்சிடுறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப ஆத்திரம்.

கடைசி தேதிய ஐப்பசி கார்த்திகைல வைக்காதீங்கன்னும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க ஐயா. அப்ப மழை, டெங்கு, காய்ச்சல் முகாம்னு ஓடிக்கிட்டு இருப்போம், புயல்னு சொல்லிட்டா பிரசவ தேதி நெருங்கினவங்கள லிஸ்ட் எடுத்து முன்னாடியே ஆஸ்பத்திரில சேக்கணும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப இங்க இருந்தவங்களுக்கு அது தெரியும். அந்த லிஸ்ட் எப்படி எடுக்குறோம், யார விட்டுடறோம்னு எழுதவே ஒரு ஆள் வேணும், தை மாசத்துல தேதி குடுத்தா நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதார செவிலியர்,
மன்னார்குடி வட்டம்