'கம் ஆஃப்'னா பட்டன் கழன்று விழறது மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற இங்கிலீஷ் பக்கத்த நான் ஆன்லைன்ல விடாம படிக்கிறேன். இந்த வாரம் 'கம்' வெர்ப எடுத்து அதோட 'ஆஃப்', 'ஆன்' மாதிரி சின்ன வார்த்தை சேர்ந்து அர்த்தம் மாறுற ஃப்ரேசல் வெர்ப் எல்லாத்தையும் அட்டவணையா போட்டு, எதிர்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு தமிழ் அர்த்தம் குடுத்துருந்தீங்க. ஊர்ல ஓஇடிங்கற, மருத்துவ ஊழியர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சைக்கு படிக்கிற நர்ஸ் பிள்ளைங்க அத வாட்ஸ்அப்ல மாத்தி மாத்தி அனுப்பி எனக்கும் வந்துச்சு. நான் நாகர்கோவில்காரி, இப்ப இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரில சர்ஜரி வார்டு நர்ஸ். ஒண்ணுக்கு ஒரு அர்த்தம்னு மனப்பாடம் பண்ணிட்டு வர்ற பிள்ளைங்க இங்க நோயாளி பேசறப்ப திணறிடுறாங்க, அதான் எழுதறேன்.

'கம் ஆஃப்'க்கு 'கழன்று விழு'ன்னு போட்டுருக்கீங்க, சட்டை பட்டனுக்கு அது சரி. ஆனா ஒரு தாத்தா "ஐ கேம் ஆஃப் த வார்ஃபரின்"னு சொன்னா அந்த மாத்திரைய நிறுத்திட்டேன்னு அர்த்தம். ரத்தம் உறையாம இருக்க குடுக்கற மாத்திரை அது, ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் அத சாப்பிடறாரா நிறுத்திட்டாராங்கறத தப்பா எழுதினா என்ன ஆகும்னு நர்ஸுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ஸ்டீராய்டு சாப்பிடறவர்கிட்ட டாக்டர் "கம் ஆஃப் இட் ஸ்லோலி"ன்னா சட்டுனு நிறுத்திடாம டோஸ கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தணும்னு சொல்றார். இதே வார்த்தைய எமர்ஜென்சில கை ஒடிஞ்சு வர்ற பையன் "ஐ கேம் ஆஃப் மை பைக்"னு சொல்வான், வண்டில இருந்து விழுந்துட்டானாம். அட்டவணைல ஒரு வரி, ஆனா வார்டுல அது மூணு விதமா வருது.

'கம் ரவுண்ட்' இன்னொண்ணு. ஆபரேஷன் முடிஞ்சதும் வீட்டுக்காரங்க போன் பண்ணி "ஹேஸ் ஷீ கம் ரவுண்ட்?"னு கேட்டா மயக்கம் தெளிஞ்சுச்சான்னு கேக்கறாங்க, அதுவே பக்கத்து வீட்டுக்காரம்மா "கம் ரவுண்ட் ஃபார் டீ"ன்னா வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடறாங்க. தோல்ல தடிப்பு வந்தா "கேம் அவுட் இன் எ ரேஷ்". பொண்ணுங்க சிலர் "ஐ ஹேவ் ஜஸ்ட் கம் ஆன்"னு மெதுவா சொல்வாங்க, பீரியட்ஸ் வந்துருச்சுன்னு அர்த்தம், இத எந்த கோச்சிங்லயும் சொல்லித்தர்றதா தெரியல, சொல்லணும்.

இதுல சிலது நம்ம பிள்ளைங்களுக்கு ரொம்ப ஈசிங்க. நாமளும் காய்ச்சல் வந்துச்சு, மயக்கம் வருது, வலி வந்துச்சுன்னு எல்லா நோவுக்கும் 'வா'வத்தானே வச்சுக்கறோம், அதனால "வென் டிட் த பெயின் கம் ஆன்?"ங்கறத ஒரு தடவ சொன்னா பிடிச்சுக்குவாங்க. அந்த மாதிரி நம்ம பேச்சோட ஒத்துப்போறத முதல்ல குடுத்துட்டு 'கம் ஆஃப்' மாதிரி ஒத்துவராதத தனியா, நிறைய வாக்கியத்தோட குடுக்கலாமே.

நர்சிங் காலேஜ்ல நாங்க படிச்சதெல்லாம் புத்தக இங்கிலீஷ், 'வாமிட்டிங்', 'அன்கான்ஷியஸ்' எல்லாம் நல்லா தெரியும், ஆனா நோயாளி "ஐ ப்ராட் அப் மை பிரேக்ஃபாஸ்ட்"னு சொன்னா சாப்பிட்டத வாந்தி எடுத்துட்டார்னு புரிய நேரமாகுது. 'பாஸ் அவுட்'டும் அப்படித்தான், நம்ம ஊர்ல 2018 பாஸ் அவுட்னா படிப்பு முடிச்ச வருஷம், இங்க நோயாளி சொன்னா மயங்கி விழுந்தது.

ஓஇடில லிசனிங் முதல் பகுதியே நோயாளியும் மருத்துவ ஊழியரும் பேசறத கேட்டு குறிப்பு எழுதறதுதான், அங்க இந்த மாதிரி பேச்சு வரும். ஆனா ரைட்டிங்ல லெட்டர் எழுதறப்ப 'கேம் ஆஃப்'னு எழுதக்கூடாது, மருந்து நிறுத்தப்பட்டதுன்னு முறையான இங்கிலீஷ்லதான் எழுதணும். காதுக்கு ஒண்ணு கைக்கு ஒண்ணு, இத பக்கத்துல பக்கத்துல போட்டு காட்டினா பிள்ளைங்களுக்கு பெரிய உதவி.

இது நம்மாளுங்களுக்கு மட்டும் வர்ற கஷ்டம் இல்ல. 1755ல சாமுவேல் ஜான்சன்ங்கறவர் போட்ட இங்கிலீஷ் அகராதி முன்னுரையிலயே வெளிநாட்டுக்காரங்கள ரொம்ப திண்டாட வைக்கிறது இந்த மாதிரி வினைதான்னு எழுதிருக்கார், அதுக்கு அவர் குடுத்த முதல் உதாரணமே 'கம் ஆஃப்'தான், அதுவும் தந்திரமா தப்பிச்சுக்கறதுங்கற அர்த்தத்துல. அதனால பிள்ளைங்க யாரும் நமக்கு இங்கிலீஷ் வராதுன்னு மனசு விடவேண்டாம்.

அடுத்த வாரம் 'புட்' வருதுன்னு போட்டுருக்கீங்க. அதுல ஒரு விஷயம் கண்டிப்பா சேர்த்து சொல்லுங்க. 'கம் ஆஃப் இட்'ல 'இட்' கடைசில வருது, தள்ளிப்போடறதுங்கற அர்த்தத்துல வர்ற 'புட் ஆஃப்'ல அது நடுவுல வரணும், "புட் இட் ஆஃப்"தான் சரி, "புட் ஆஃப் இட்"னு சொல்லக்கூடாது. ஆனா 'புட் அப் வித்'னு வந்தா திரும்பவும் கடைசிதான், "ஐ கான்ட் புட் அப் வித் இட்"னு சொல்வாங்க, வலி தாங்க முடியல்லன்னு. அட்டவணைல அர்த்தம் மட்டும் படிக்கிறவங்களுக்கு இது தெரிய வழியே இல்ல. ஒவ்வொண்ணுக்கும் யார் யார்கிட்ட எங்க சொல்றாங்கன்னு ஒரு முழு வாக்கியம் போடுங்க, 20க்கு பதிலா 5 போட்டாலும் போதும். வார்டுல கேக்கற வாக்கியம் வேணும்னா நானே எழுதி அனுப்பறேன், நோயாளி பேர் அடையாளம் எதுவும் இல்லாம.

இப்படிக்கு,
நாகர்கோவில் நர்ஸ் ஒருத்தி, இங்கிலாந்திலிருந்து