டீச்சர்கள் தட்டிப் பழகப் பத்து மடிக்கணினிகள் வேண்டும்

கடலூரில் இருப்பவர்களுக்கும், வேலைக்காக ஊரை விட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

போன வருடம் எங்கள் குழுவில் ஒருவர் ப்ளஸ் டூ கணினி வகுப்பு ஒன்றில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் கரும்பலகையில் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினார். 'ஃபார்' வரி, அதன் கீழே 'பிரிண்ட்' வரி. அந்தக் கீழ்வரி கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். வழக்கமாக நான்கு இடைவெளி. சாக்பீஸில் இடைவெளியை எப்படிக் காட்டுவது? பிள்ளைகள் ஓரத்திலிருந்தே எழுதிக்கொண்டார்கள், லேபில் அப்படியே தட்டினார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் பிழை. "ஏன் மிஸ் வரல?" டீச்சர் திரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றார். மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

"எனக்குத் தெரியாம இல்லங்க. பசங்க முன்னாடி கை ஓடல" என்று அன்று மாலை அவரே சொன்னார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பழைய பாடத்தில் இருந்த ஸ்டார் ஆபீஸ் மென்பொருளையும் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியையும் பல வருடம் நடத்தியவர். 2019-இல் வந்த புதிய பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பைத்தான் வந்தது, கூடவே மை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும். ஆனால் டீச்சர் தனியாக உட்கார்ந்து, தப்புத் தப்பாகத் தட்டிப் பழக இடமும் நேரமும் கிடைக்கவில்லை. லேப் பிள்ளைகளுக்கே பற்றவில்லை. வீட்டில் கணினி இருந்தாலும் அது காலேஜ் படிக்கும் மகனுடையது. பிழை வந்தால் பதறாமல், "வாங்க, எந்த வரின்னு பார்ப்போம்" என்று டீச்சர் சொன்னால் பிள்ளைகளும் பயப்பட மாட்டார்கள்.

அதனால்தான் ஐந்து மாதமாக மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமை மதியம் கூடுகிறோம். ஆறு ஆசிரியர்கள், இரவல் வாங்கிய இரண்டு மடிக்கணினிகள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் சார் ஒருவர் ஒரு வழி சொன்னார்: பலகையில் இடைவெளிக்குப் பதில் நான்கு சின்னப் புள்ளி. அந்த டீச்சர் இப்போது அப்படித்தான் எழுதுகிறார். பிள்ளைகள் புள்ளியை எண்ணித் தட்டுகிறார்களாம்.

இப்போது இன்னும் பதினான்கு பேர் வரக் கேட்கிறார்கள். பழுதுபார்த்த மடிக்கணினி பத்து, ஒன்று 18,000 ரூபாய் வீதம் 1,80,000. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு வருட பஸ் செலவும் டீயும் 30,000. பராமரிப்புக்கு 15,000, நம்ம ஊர் உப்புக்காற்றில் யூஎஸ்பி முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆக 2,25,000. எங்களுக்குள் 62,000 சேர்த்துவிட்டோம். மீதி 1,63,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். மென்பொருளுக்கு ஒரு பைசா வேண்டாம், பைத்தான் இலவசம்.

மடிக்கணினிகளைப் பூட்டி வைக்கப் போவதில்லை. முறை வைத்து டீச்சர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், முக்கியமாக மே விடுமுறையில்.

நூறு ரூபாயானாலும் கொடுங்கள், ரசீது உண்டு. வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். வேலை செய்கிற பழைய மடிக்கணினி இருந்தால் அதுவும் சரி. சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி வேலையில் இருப்பவர்கள், ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை மதியம் எங்களோடு வந்து உட்காருங்கள். ஏப்ரல் முடிவதற்குள் பணம் சேர்ந்தால் விடுமுறை முழுக்க டீச்சர்களுக்குப் பழக நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
குழுவினர்,
மஞ்சக்குப்பம், கடலூர்